கையசைத்து விட்ட இடத்திலிருந்து: சவுத் கரோலைனாவின் 38-0

2023 மார்ச் 31, டல்லாஸ். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் தேசிய அரையிறுதி. சவுத் கரோலைனாவின் ரேவன் ஜான்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே பந்தோடு நிற்கிறார். அவரைத் தடுக்க வேண்டிய அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் கிட்டேகூட வரவில்லை. நாலைந்து அடி உள்ளே தள்ளி நின்றபடி, ‘உனக்கெல்லாம் எதற்குக் காவல்’ என்பதுபோலக் கையை ஒரு தடவை அசைத்து விடுகிறார். ரேவன் ஷாட் போடவில்லை. பந்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சில நொடிக் காட்சி இணையமெங்கும் சுற்றியது. கூடைப்பந்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அது தன்னைப் பாதித்ததாக ரேவன் பிறகு சொன்னார். அந்த ஆட்டம் 77-73 என்று முடிந்தது. அதற்கு முன் 36 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காத சவுத் கரோலைனா, மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியது.

ஒரு வருடம் ஒரு வாரம் கழித்து, 2024 ஏப்ரல் 7 அன்று கிளீவ்லேண்டில் அதே இரண்டு அணிகள் இறுதிப்போட்டியில் மோதின. சவுத் கரோலைனா 87, அயோவா 75. அந்த வெற்றியோடு சீசனை 38-0 என்று, அதாவது 38 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் முடித்தார்கள். அந்த இறுதியாட்டத்தைப் பற்றி எழுதியவர்களில் பாதிப்பேர் ‘கிளார்க்கை எப்படி மடக்கினார்கள்’ என்றே எழுதினார்கள். நான் சவுத் கரோலைனா ரசிகன். சாய்வு இருக்கிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கிளார்க் அன்றைக்கு 30 புள்ளி எடுத்தார். 30 புள்ளி எடுத்தவரை மடக்கினோம் என்று எந்த வாயால் சொல்வது? வெற்றிக்கான வேலை வேறு இடத்தில், அதுவும் பல மாதங்களுக்கு முன்பே நடந்தது. கிளார்க் கையசைத்து விட்டாரே, அந்த இடத்தில்.

முதலில் டல்லாஸ் தோல்வியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கிளார்க் 41 புள்ளி எடுத்ததால் தோற்றார்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அயோவாவின் பயிற்சியாளர் லிசா புளூடர் போட்ட கணக்கு. சவுத் கரோலைனாவின் பலம் முழுக்க உள்ளே, ரிங்குக்கு அடியில் இருந்தது. நடுவில் அலியா பாஸ்டன். அவரைச் சுற்றி உயரமானவர்கள், வலுவானவர்கள். வெளியிலிருந்து நம்பகமாக ஷாட் போடக்கூடியவர்கள் குறைவு. அப்படியென்றால் வெளியே எதற்குக் காவல்? ஐந்து பேரும் உள்ளே குவிந்து பாஸ்டனை நெருக்கினார்கள். வெளியே நின்றவர்களைப் பார்த்து ‘போடு, பார்க்கலாம்’ என்று விட்டுவிட்டார்கள். கிளார்க்கின் கையசைப்பு திமிர் இல்லை, திட்டம். (சரி, கொஞ்சம் திமிரும்தான்.)

திட்டம் பலித்தது. சவுத் கரோலைனா அன்று வெளியிலிருந்து போட்ட 20 ஷாட்டில் விழுந்தவை நாலு. பாஸ்டன் தொடக்கத்திலேயே ஃபவுல் செய்து பெஞ்சில் உட்கார நேர்ந்தது. அவருக்குக் கிடைத்தது 8 புள்ளி.

இதைவிடக் கவனிக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. அந்த ஆட்டத்தில் ரீபவுண்டில், அதாவது தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பதில், சவுத் கரோலைனா 49, அயோவா 25. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எதிராளியின் ரிங்குக்கடியில், தங்கள் சொந்த ஷாட் தவறி வந்த பந்தை மீண்டும் பிடித்தது மட்டும் 26 தடவை. 26 தடவை இரண்டாவது வாய்ப்பு கிடைத்தும் ஓர் அணி தோற்கிறது என்றால் என்ன அர்த்தம்?

தன் பக்க ரீபவுண்டு என்பது இரண்டு முனையும் கூர்மையான எண். உழைப்பைக் காட்டும் எண் என்று எல்லோரும் பாராட்டுவோம். ஆனால் ஷாட் தவறினால்தான் அந்த ரீபவுண்டே பிறக்கும். ஓர் அணி 26 தடவை தன் பந்தைத் தானே மீட்டது என்றால், அதற்குக் குறையாமல் தவறவும் விட்டது என்று பொருள். பந்தைப் பிடித்தார்கள், திரும்பவும் அதே நெரிசலுக்குள் எறிந்தார்கள், அது திரும்பவும் வெளியே வந்தது. உள்ளே ஐந்து அயோவாக்காரர்கள் சுவர்போல நிற்கும்போது, இரண்டாவது வாய்ப்பும் முதல் வாய்ப்பைப் போலவேதான் இருக்கும்.

அந்தத் தோல்வியோடு முக்கியமான ஐந்து பேர் போய்விட்டார்கள். பாஸ்டன், ஸியா குக், பிரியா பீல், லெட்டீசியா அமிஹெரே, விக்டேரியா சாக்ஸ்டன். இதில் முதல் நாலு பேரும் 2019இல் ஒன்றாகச் சேர்ந்த கூட்டம். 2022 கோப்பையை வென்று கொடுத்தவர்கள். இப்படி ஒரு கூட்டம் போனால், மற்ற கல்லூரிகள் ‘இரண்டு வருடம் பொறுங்கள்’ என்று ரசிகர்களிடம் கெஞ்சும். அந்த ஆண்டு சீசனுக்கு முந்தைய தரவரிசையில் சவுத் கரோலைனாவுக்கு ஆறாவது இடம் கொடுத்தார்கள். நான்கூட அதை மரியாதைக்குக் கொடுத்த இடம் என்றுதான் நினைத்தேன்.

சவுத் கரோலைனாவின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி அந்தக் கோடையில் செய்தது என்ன? கல்லூரி விளையாட்டில் ஏலமும் கிடையாது, வரிசைப்படி வீராங்கனைகளைப் பிரித்துக்கொடுப்பதும் கிடையாது. பள்ளி முடிப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பேசிக் கூட்டிவர வேண்டும். இல்லையென்றால் வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர்களைப் பிடிக்க வேண்டும். 2021க்குப் பிறகு ஒருமுறை மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதில்லை என்று விதி தளர்ந்தது. அதிலிருந்து மாறுதல் என்பது ஒவ்வொரு கோடையிலும் திருவிழா மாதிரி. இந்த இரண்டு வழியிலும் ஸ்டேலி ஒரே சரக்கைத் தேடினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது: வெளியிலிருந்து போடத் தெரிந்தவர்கள், அல்லது பந்தோடு தனியாகப் புகுந்து காவலை உடைக்கத் தெரிந்தவர்கள்.

ஓரிகனிலிருந்து டெ-ஹினா பாவ்பாவ் வந்தார். அலட்டிக்கொள்ளாத கை, நாட்டிலேயே மிகத் துல்லியமாக மூன்று புள்ளி ஷாட் போட்டவர்களில் ஒருவராக அந்த ஆண்டை முடித்தார். மினசோட்டாவிலிருந்து முதலாண்டு மாணவி டெசா ஜான்சன். கொலம்பியா நகரத்திலிருந்தே, அதாவது பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலிருந்தே, மிலேசியா ஃபுல்வைலி. 2023 நவம்பரில் பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தில் நோத்ர டேமை 100-71 என்று அடித்தபோது, முதுகுக்குப் பின்னால் பந்தைச் சுற்றிக்கொண்டு போய் ஃபுல்வைலி ரிங்குக்கு அருகிலிருந்து போட்ட லே-அப்பைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த வாரமே தரவரிசையில் முதலிடம்.

அதற்காக இது ஒழுங்கான அணி என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தைகள் காப்பகம் நடத்துவது மாதிரி இருக்கிறது என்று ஸ்டேலியே கேலி செய்தார். தொடர் முழுக்கப் பெரிய முன்னிலை எடுப்பார்கள், அப்புறம் கவனம் சிதறி விட்டுக்கொடுப்பார்கள், கடைசியில் எப்படியோ பிழைப்பார்கள். தென்கிழக்குப் பகுதிக் கல்லூரிகளின் கூட்டமைப்பு (SEC) நடத்தும் தொடரின் அரையிறுதியில் டென்னசியிடம் இரண்டு புள்ளி பின்தங்கி, கிட்டத்தட்ட நேரமே முடிந்துவிட்டது. பந்து 6 அடி 7 அங்குல சென்டர் கமீலா கார்டோசோவிடம் போனது. கல்லூரி வாழ்க்கையில் அதுவரை ஒரு மூன்று புள்ளி ஷாட்கூட விழுந்ததில்லை அவருக்கு. தூக்கி எறிந்தார், போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. 74-73. தோல்வியே இல்லாத சீசனுக்குள் இப்படிப்பட்ட ஒரு பந்து ஒளிந்திருக்கிறது என்பதை ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறோம்.

எனக்கு முக்கியமாகப் படுவது தேசியப் போட்டியில் இந்தியானாவுக்கு எதிரான ஆட்டம். 22 புள்ளி முன்னிலை கரைந்து இரண்டாகிவிட்டது. கடைசி நிமிடம். இந்தியானாவும் பழைய பாடத்தைத்தான் படித்திருந்தது: ரேவன் ஜான்சனை வெளியே விடு. பந்து அவரிடம் வந்தது, கிட்டே ஆள் இல்லை. இந்த முறை பாஸ் கொடுக்கவில்லை. போட்டார், விழுந்தது. ஆட்டம் 79-75 என்று முடிந்தது. கிளீவ்லேண்ட் வெற்றிக்குக் காரணம் தேடுபவர்கள் இந்த ஒரு ஷாட்டிலிருந்து தொடங்கலாம். இனிமேல் கையசைத்து விட முடியாது என்ற செய்தி அயோவாவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

சரி, இறுதிப்போட்டிக்கு வருவோம்.

தொடக்கம் பயங்கரம். 10-0. சவுத் கரோலைனா கணக்கைத் தொடங்குவதற்குள் அயோவா பத்து எடுத்துவிட்டது. கிளார்க் முதல் குவார்ட்டரில் மட்டும் 18 புள்ளி. இறுதிப்போட்டியில் ஒரு குவார்ட்டரில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. குவார்ட்டர் முடிவில் 27-20. பழைய படம் திரும்ப ஓடுவதுபோல் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை மறுபடி பார்க்கும்போதெல்லாம், முடிவு தெரிந்திருந்தும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

ஆனால் நிதானமாகப் பார்த்தால் 20 என்ற எண் ஆறுதல் தருவது. பூஜ்யத்துக்குப் பத்து என்று கிடந்த அணி, மீதி நேரத்தில் 20-17 என்று முந்தியிருக்கிறது. அது எப்படி என்று பார்த்தால், ஆட்டம் முழுவதற்குமான விடை அதில் இருக்கிறது.

ஒரு சாதாரண முறையை எடுத்துக்கொள்வோம். அன்று திரும்பத் திரும்ப நடந்தது இதுதான். ஷாட் ஒன்று ரிங்கில் பட்டுத் தெறிக்கிறது. கார்டோசோ ஏற்கெனவே தன்னைக் காப்பவருக்கு முன்னால் இடுப்பைக் கொடுத்து இடம் பிடித்திருக்கிறார். அயோவாவில் அந்த உயரத்துக்கு யாரும் கிடையாது. ஹன்னா ஸ்டுல்கி அவரைவிட ஐந்து அங்குலம் குட்டை. இன்னொருவர் உதவிக்கு ஓடி வர வேண்டும். போன வருடமாக இருந்தால் மூன்று பேர் ஏற்கெனவே அங்கேதான் நின்றிருப்பார்கள். இப்போது அப்படி நிற்க முடியவில்லை. ஒரு மூலையில் பாவ்பாவ், இன்னொரு பக்கம் டெசா ஜான்சன். இவர்களை விட்டு இரண்டு எட்டு உள்ளே வைத்தால் பந்து அங்கே போய்விடும். ஆகவே ஓடி வருபவர் அரை நொடி தயங்குகிறார். அந்த அரை நொடியில் பந்து கார்டோசோவின் கையில். அங்கேயே மறுபடி போடலாம், அல்லது வெளியே தள்ளலாம். தள்ளினால் அங்கே காலூன்றி நிற்பவருக்குத் தடையில்லாத ஷாட். ரீபவுண்டுக்காக எதிரணி முழுக்க உள்ளே முகம் திருப்பியிருக்கும் நேரம் அது. கூடைப்பந்தில் இதைவிடச் சுலபமாக ஷாட் கிடைக்கும் தருணம் அரிது.

எண்கள் அதைத்தான் சொல்கின்றன. மொத்த ரீபவுண்டு 51-29. தன் பக்க ரீபவுண்டு 18. போன வருடம் 26, இந்த வருடம் 18, எட்டு குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது வாய்ப்பில் வந்த புள்ளி மட்டும் 30. அயோவாவுக்கு அதே வகையில் 11. மூன்று புள்ளி ஷாட்டில் 19க்கு 8 விழுந்தது. டல்லாஸில் 20க்கு 4. ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் முயற்சி, இரண்டு மடங்கு பலன்.

ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. இரண்டு அணிகளிடமிருந்தும் இரண்டாம் வாய்ப்புப் புள்ளிகளை எடுத்துவிடுங்கள்: சவுத் கரோலைனா 57, அயோவா 64. முதல் ஷாட்டை வைத்து மட்டும் பார்த்தால் அயோவாதான் ஜெயித்தது. இப்படிக் கழித்துப் பார்ப்பது முழுச் சரியான ஆய்வு இல்லை, ஆட்டம் அப்படிக் கூறுபோட்டு நடப்பதில்லை. ஆனால் கிளார்க்கைத் தடுத்ததால்தான் ஜெயித்தார்கள் என்ற வாதத்துக்கு இந்தக் கணக்கு போதுமான பதில்.

அப்படியென்றால் தடுப்பாட்டமே இல்லையா? இருந்தது. ரேவன் ஜான்சனும் பிரீ ஹாலும் கிளார்க்கைப் பந்து கைக்கு வந்த இடத்திலிருந்தே துரத்தினார்கள். அதன் நோக்கம் ஷாட்டைத் தடுப்பதைவிட, ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளார்க்கை உழைக்க வைப்பது என்றுதான் நான் படிக்கிறேன். முதல் குவார்ட்டரில் 18 எடுத்தவர் மீதி மூன்றிலும் சேர்த்து 12. மொத்தம் 28 முயற்சியில் 10 விழுந்தது. கிளார்க் ஏறக்குறைய முழு ஆட்டமும் கோர்ட்டில் இருந்தார். அவரைத் துரத்தியவர்கள் மாறி மாறி மூச்சு வாங்கிவிட்டு வந்தார்கள்.

இதில் ஒரு காட்சி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பாதி முடியும் நேரம். கிளார்க் பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் வருகிறார். எதிரே ரேவன். பந்து தரையிலிருந்து கைக்கு எழும் அந்தச் சிறு இடைவெளியில் ரேவனின் கை உள்ளே போகிறது. பந்து கழன்று முன்னால் ஓடுகிறது. ரேவன் அதன் பின்னால். முன்னே யாருமில்லை. லே-அப். பாதி நேரத்தில் 49-46, சவுத் கரோலைனா முன்னே. ரேவனுக்கு அந்த ஆட்டத்தில் புள்ளி அதிகம் இல்லை, வெளியிலிருந்தும் ஷாட் அமையவில்லை. ஆனால் அந்த சீசனையே ‘பழிவாங்கும் பயணம்’ என்று பெயர் வைத்து ஆடியவருக்கு, அந்த ஒரு பந்து போதாதா?

அடுத்து பெஞ்ச். தொடக்க வரிசையில் இல்லாமல் மாற்றாக இறங்கியவர்கள் எடுத்த புள்ளியில் வித்தியாசம் கண்ணைக் குத்துகிறது: சவுத் கரோலைனா 37, அயோவா 0. பூஜ்யம் என்பதை அயோவாவின் அவமானமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. மார்ச் தொடக்கத்தில் மாலி டேவிஸுக்கு முழங்காலில் அடிபட்டது; பெஞ்சிலிருந்து வந்து நன்றாக ஆடிக்கொண்டிருந்த சிட்னி அஃபோல்டரைத் தொடக்க வரிசைக்கு ஏற்றினார்கள். இடம் நிரம்பியது, பெஞ்ச் காலியானது. அஃபோல்டரும் கேட் மார்ட்டினும் இறுதிப்போட்டியில் குறை வைக்கவில்லை. ஐந்து பேரை வைத்துக்கொண்டு அந்த அணி இறுதிவரை வந்ததே பெரிய காரியம்.

சவுத் கரோலைனாவின் கதை நேர் எதிர். அன்றைய ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்த சவுத் கரோலைனாக்காரர் கார்டோசோ இல்லை, பாவ்பாவ் இல்லை. பெஞ்சிலிருந்து வந்த முதலாண்டு மாணவி டெசா ஜான்சன், 19 புள்ளி. அதுவரை அவர் ஓர் ஆட்டத்திலும் அவ்வளவு எடுத்ததில்லை. தேசிய இறுதிப்போட்டி, எதிரே கல்லூரிக் கூடைப்பந்தின் பல சாதனைகளைக் கைப்பற்றிய கிளார்க், அமெரிக்காவில் மட்டும் 1.8 கோடிக்கு மேற்பட்டோர் பார்க்கிறார்கள் (அந்த ஆண்டு ஆண்கள் இறுதிப்போட்டியைப் பார்த்தவர்களைவிட இது அதிகம், பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தை முந்தியது அதுவே முதல்முறை). டெசாவின் முகத்தில் அதற்கான எந்தக் கலவரமும் தெரியவில்லை. இரண்டு காலையும் ஊன்றுகிறார், கை மேலே போகிறது, போட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறார். அவ்வளவுதான்.

டெசாவின் இந்த ஆட்டத்தை எதிர்பாராத அதிசயம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அயோவாவின் ஐந்து பேரும் கார்டோசோவையும் பாவ்பாவையும் காக்கத் தங்கள் சக்தியைச் செலவழித்துவிட்டார்கள். ஆறாவதாக வருபவரையும் அதே கவனத்தோடு காக்க ஆள் வேண்டும். இல்லை. டெசாவுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் திறந்த ஷாட்டுகள். திறந்த ஷாட்டைப் போடத் தெரிந்தவரை அழைத்து வந்து, சீசன் முழுக்க நிமிடங்கள் கொடுத்துப் பழக்கியது பயிற்சியாளரின் வேலை. ஒன்பது பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்குவதை முன்பெல்லாம் நானே குறை சொல்லியிருக்கிறேன். யாருக்கும் ஆட்டம் செட்டாகாது என்று வாதாடியிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கார்டோசோவைப் பற்றி இன்னும் கொஞ்சம். பிரேசிலின் மொன்டஸ் கிளாரஸ் ஊரிலிருந்து பதினைந்து வயதில் அமெரிக்கா வந்தவர். முதலில் சிரக்யூஸ், அப்புறம்தான் சவுத் கரோலைனா. பாஸ்டன் இருந்தவரை பெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தார். அரையிறுதியில் நார்த் கரோலைனா ஸ்டேட் அணிக்கு எதிராக முழங்காலில் அடிபட்டும் திரும்ப வந்து ஆடினார். இறுதியில் 15 புள்ளி, 17 ரீபவுண்டு. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. க்ளோயி கிட்ஸும் ரீபவுண்டில் பத்தைத் தொட்டார். அவர் பெயரைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

ஸ்டேலி வீராங்கனையாக வர்ஜீனியாவுக்கு ஆடியபோது தேசியப் பட்டம் கிட்டவில்லை. பயிற்சியாளராக இது மூன்றாவது: 2017, 2022, 2024. தோல்வியில்லாமல் ஒரு சீசனை முடித்த முதல் கறுப்பினப் பயிற்சியாளர், ஆண்கள் பெண்கள் இரு பிரிவிலும் சேர்த்து. பரிசு மேடையில் நின்று அவர் முதலில் நன்றி சொன்னவர்களில் எதிரணியின் கிளார்க்கும் ஒருவர், இந்த ஆட்டத்தைத் தோளில் தூக்கி உயர்த்தியதற்காக.

கடைசி நாலு நிமிடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் குவார்ட்டர் முடிவில் ஒன்பது புள்ளி முன்னிலை, 68-59. அப்புறம் அது இன்னும் விரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று சாய்ந்து உட்கார்ந்த நேரம், வழக்கமான சிதறல் தொடங்கியது. அயோவா ஒவ்வொன்றாகக் குறைத்தது. அஃபோல்டர் உள்ளே புகுந்து போட்டு, எதிரணியின் ஃபவுலால் கிடைத்த ஒரு புள்ளியையும் எடுத்தார். 80-75. நாலு நிமிடமும் சில நொடிகளும் மீதி. கிளார்க் கையில் பந்து இருந்தால் ஐந்து புள்ளி என்பது ஒன்றுமே இல்லை, இரண்டு ஷாட்.

அப்போதுதான் அந்த முப்பது நிமிட ரீபவுண்டும், மாற்றி மாற்றி இறக்கிய ஒன்பது பேரும் வேலை செய்ததைப் பார்க்க முடிந்தது. அயோவாக்காரர்களின் ஷாட் ரிங்கை எட்டியது, உள்ளே போகவில்லை. கால் எழவில்லை என்பதைத் தூரத்திலிருந்து போட்ட பந்துகளே சொல்லின. தவறி வந்ததை எடுக்கக் கார்டோசோ நின்றார். சவுத் கரோலைனா அவசரப்படாமல் இன்னும் ஏழு எடுத்தது. ஸ்கோர் பலகையில் அயோவா பக்கம் இருந்த 75, மணி அடிக்கும்வரை 75 ஆகவே இருந்தது.